பழைய படகுக்கு என்ன தரை போடலாம்?

ஜெர்மன் கடற்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பல் 'கோர்ஹ் ஃபோக்' 1958-இல் ஹம்பர்க்கில் கட்டப்பட்டது. பெரிய பழுதுபார்ப்புக்கென்று 2016-இல் தளமேறிய கப்பல் மறுபடி கீல் துறைமுகத்துக்கு வந்து சேர 2021 ஆகிவிட்டது. சுமார் 1 கோடி யூரோவில் முடியும் என்று தொடங்கிய வேலை 13.5 கோடி யூரோவில் வந்து நின்றது. நடுவில், வேலையை எடுத்த நிறுவனமே திவாலானது. இத்தனைக்கும் மேலே ஒரு தேக்குச் சச்சரவு வேறு. மேல்தளத்துக்கு வாங்கிய தேக்கு மியன்மாரிலிருந்து வந்தது என்று தெரிந்ததும், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். கண்டனம் தெரிவித்தது. சட்டவிரோதமாக வெட்டிய மரத்தைச் சந்தைக்குள் விடக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2013 மார்ச் முதலே நடப்பில் இருக்கிறது. மியன்மார் தேக்கைத் தைவான் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்த ஒரு மர வணிக நிறுவனத்தை 2021-இல் ஹம்பர்க் நீதிமன்றம் தண்டித்தும் இருக்கிறது.

அரசாங்கத்துக் கப்பல், செலவு அரசாங்கத்தின் பாடு. ஆனால் பெர்லினைச் சுற்றியுள்ள ஹாஃபெல், டாமே ஆறுகளிலும், வடக்கே மெக்லன்பர்க் ஏரிகளிலும் நாற்பது ஐம்பது வயதான படகுகள் ஏராளமாகக் கட்டிக் கிடக்கின்றன. கிழக்கு ஜெர்மனிக் காலத்து மோட்டார் படகு, மரத்தால் ஆன பாய்மரப் படகு, சரக்கு ஏற்றிய பழைய இரும்புப் படகு என்று எல்லாம் உண்டு. இவற்றை வாங்குவது பல நேரம் ஒரு பழைய கார் வாங்குவதைவிட மலிவு. வாங்கியவர் முதல் வேலையாக எட்டிப் பார்ப்பது தரையைத்தான். காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்குகிறது, மூலையில் கறுத்திருக்கிறது, ஒரு மண்வாசனை வருகிறது. உடனே அவர் மனத்தில் எழும் கேள்வி, 'எந்த மரம் போடலாம்?' என்பது. கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. 'பழைய தரைக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது, ஏன் அது காயவில்லை?' என்று கேட்டால், கையில் இருக்கும் காசு எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தேக்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் பர்மா தேக்கைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1817-இல் மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் கட்டிய ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் திருகோணமலை. தேக்கின் வைரக்கட்டைக்குள் இயற்கை ரப்பர் இருக்கிறது, எண்ணெய்ப் பசை இருக்கிறது, பூஞ்சைக்கும் கறையானுக்கும் ஒவ்வாத டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் உண்டு. தச்சரின் ரம்பம் சீக்கிரம் மழுங்குவது அதனால்தான். ஆனால் இந்தச் சரக்கெல்லாம் மரத்துக்குள் சேர வயது வேண்டும். அவசரமாக வளர்த்து இருபது முப்பது வருடத்தில் வெட்டுகிற தோட்டத் தேக்கு, பெயரில் தேக்கு, குணத்தில் அப்படி இருந்தே தீரும் என்பதில்லை. மரங்களின் நீடிப்பை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும் ஐரோப்பிய நிர்ணயம் ஒன்று உண்டு. 1 என்றால் மிக நீடித்தது, 5 என்றால் நிலைக்காதது. இயற்கைக் காட்டுத் தேக்கு அதில் 1. தோட்டத் தேக்கு 1-லிருந்து 3 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். அந்தத் தரமும் வைரக்கட்டைக்கு மட்டும்தான். வெளிப்புற வெள்ளைக் கட்டை எந்த மரத்தில் இருந்தாலும் 5-தான்.

மரம் தானாக மக்குவதில்லை, பூஞ்சை தின்னுகிறது. பூஞ்சைக்கு மரம் உணவு. அதோடு தண்ணீரும் காற்றும் மிதமான வெப்பமும் வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அதற்குப் பிழைப்பில்லை. சாதாரண அறையில் காய்ந்து கிடக்கும் பலகையில் அதன் எடையில் 10, 12 விழுக்காடு அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். 20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சை கிட்டே வராது. 30 விழுக்காடு வாக்கில் மரத்தின் நார்ச்சுவர்கள் முழுவதும் ஊறிவிடுகின்றன. அதற்கு மேல் சேரும் தண்ணீர் மரத்தின் நுண்ணறைக் குழிகளில் தேங்குகிறது. பூஞ்சைக்கு அதுதான் விருந்து.

ஆனால் ஒரேயடியாக மூழ்கிவிட்டால் விஷயம் மாறிவிடும். பிரேமன் நகரருகே வேஸர் ஆற்றில் 1962-இல் ஆழப்படுத்தும் வேலையின்போது ஓக் மரத்தாலான ஒரு சரக்குக் கப்பல் கிடைத்தது. 1380 வாக்கில் கட்டியது. ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு சேற்றுக்குள் கிடந்தும் மிஞ்சியதற்குக் காரணம், அங்கே பூஞ்சைக்கு ஆக்சிஜன் கிடைக்கவில்லை. வெளியே எடுத்தபின்தான் ஆபத்து. உலர்ந்தால் சுருங்கி நொறுங்கிவிடும் என்பதால், மரத்துக்குள் இருந்த தண்ணீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுப் பொருளை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். பிரேமர்ஹாஃபன் கப்பல் அருங்காட்சியகத்தில் அந்த வேலை 1999 வரை நடந்தது.

ஆக, முழுக்க நனைந்தாலும் பிழைக்கும், முழுக்கக் காய்ந்தாலும் பிழைக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட மரம்தான் சாகிறது. படகின் தரை அந்த நடுவில்தான் பிறக்கிறது. நம் கடற்கரைக் கட்டுமரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கட்டுமரத்துக்கு அவர்கள் எடுத்தது லேசான, மிதப்பு அதிகமுள்ள மரம். நீடிப்பில் தேக்கின் பக்கத்தில்கூட வராது. ஆனால் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்து மணலில் காயவைத்தார்கள். மலிவு மரத்தை உலர்த்தியே காப்பாற்றினார்கள்.

கடல்நீர் படகைக் கெடுக்கும் என்ற பேச்சும் பாதிதான் உண்மை. உப்பு, பூஞ்சைக்குப் பிடிக்காத பொருள். அந்தக் காலத்தில் மரக் கப்பல்களின் இடுக்குகளில் உப்புக்கல்லைக் கொட்டி அடைத்த வழக்கமும் உண்டு. தரையை அரிப்பது பெரும்பாலும் மேலிருந்து வரும் மழைத்தண்ணீர். ஜன்னல் ரப்பர் வெடித்திருக்கும், மேல்தளத்தில் திருகாணி ஓட்டை இருக்கும், பாய்மரத் தண்டு இறங்கும் இடம் கசியும். சொட்டுச் சொட்டாக இறங்கி, தரைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் நிற்கும். ஜெர்மனியில் அக்டோபரில் படகைக் கரையேற்றினால் ஏப்ரல் வரைக்கும் தார்ப்பாய் மூடிக் கிடக்கும். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் காற்று அசையாது. வசந்தத்தில் வெயில் ஏறியதும் உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்து பூஞ்சைக்கு ஒரு நாற்றங்கால் தயார். தார்ப்பாயின் இரு முனைகளையும் திறந்து வைக்கக் காசு வேண்டாம். அதைச் செய்யாமல் விலையுயர்ந்த பலகையைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இரும்புப் படகில் ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் தரை நனையும். கணக்கு எளிது. அறைக்குள் 20 டிகிரி வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம். நமக்குச் சுகமான நிலை. இந்தக் காற்று 9 டிகிரிக்குச் சற்று மேலே குளிர்ந்தாலே தண்ணீரை விட்டுவிடும். குளிர்காலத்தில் வெளியே ஆற்றுத் தண்ணீர் 4 டிகிரி. இரும்புத் தகடும் அதே 4 டிகிரி. மூச்சு, சமையல், குளியல் எல்லாவற்றின் ஆவியும் தரைக்கு அடியில் போய்த் தகட்டில் வியர்க்கிறது. கோடையிலும் தப்ப முடியாது. 30 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் என்ற புழுக்க நாளில் காற்று 24 டிகிரியிலேயே நீரை உதிர்க்கும். ஆறு 20 டிகிரியில் ஓடுகிறது. வீட்டுக் கட்டுமானத்தில் போடும் பஞ்சு அடுக்கைத் தரைக்கு அடியில் திணித்து மேலே பலகை அடிப்பது அதனால்தான் மோசமான யோசனை. பஞ்சு ஊறும், காயாது, இரும்பு துருவேறும். தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டும், ஆவி புகாத நுரையாக இருந்தால் மட்டுமே வெப்பக் காப்பு. இல்லாவிட்டால் வெறும் காற்றோட்டமே மேல்.

மரம் ஈரத்தில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். ஐப்பசி கார்த்திகையில் இறுகி மூட மறுக்கும் நம் வீட்டுக் கதவு இதற்குச் சாட்சி. எவ்வளவு உப்பும் என்பதற்கு அட்டவணைக் கணக்கு இருக்கிறது. சாதாரணமாக, பட்டையாக அறுத்த பைன் பலகையில் ஈரம் 1 விழுக்காடு கூடினால் அகலம் சுமார் 0.36 விழுக்காடு கூடும். தேக்கில் அது சுமார் 0.26. பத்து சென்டிமீட்டர் பலகையின் ஈரம் 10-லிருந்து 18 விழுக்காட்டுக்கு ஏறினால் பைன் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வீங்கும், தேக்கு 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வீங்கும். இதுவரை தேக்குக்கே வெற்றி. இப்போது அதே பைனை வேறு விதமாக அறுப்போம். பலகையின் தலைப்பைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் படுத்துக் கிடக்காமல் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி அறுத்த பைனின் வீக்கம் 0.19-தான், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். நிற்கும் வளையமுள்ள உள்ளூர் பைன், பட்டையாக அறுத்த தேக்கைவிடக் குறைவாகவே அசைகிறது! பழைய படகுகட்டிகள் தளத்துக்கு நிற்கும் வளையப் பலகையையே பொறுக்கியதன் நியாயம் இது. கடையில் பலகைக் குவியலை ஒவ்வொன்றாகத் தலைப்பைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்க அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணிதான் மரத்தின் பெயரைவிடப் பெரிய லாபம்.

சரி, என்னதான் வாங்குவது? ஜெர்மனியில் மரத்தளத்துக்கு மலிவாகக் கிடைப்பவை டக்ளஸ் ஃபரும் லார்ச்சும். டக்ளஸ் ஃபர் வட அமெரிக்க மேற்குக் கரையைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வந்து இப்போது ஜெர்மன் காடுகளில் ஊன்றிவிட்டது. இரண்டும் நீடிப்பில் 3, 4 என்ற நடுத்தரம். தண்ணீர் தேங்காத இடத்தில் தாராளமாகப் போதும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ரொபீனியா இருக்கிறது. 1, 2 தரம், பிராண்டன்பர்க் மாநிலத்தில் நிறைய வளர்கிறது. ஆனால் நேரான நீளப் பலகை கிடைப்பது கடினம். வீட்டு மொட்டைமாடி, தோட்டங்களுக்கென்று விற்கும் வரிவரியான டக்ளஸ் பலகையை மட்டும் வாங்காதீர்கள். அந்த வரிகள் வழுக்காமல் இருப்பதற்கென்று சொல்வார்கள். உண்மையில் அவற்றில் நீரும் அழுக்கும்தான் தங்கும்.

படகின் உள்தரைக்கு நானாக இருந்தால் ஒட்டுப்பலகையைத்தான் எடுப்பேன். அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அது அகலவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மனியின் கட்டுமானப் பொருள் கடைகளில் எல்லாம் பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் வலை பதித்தாற்போலச் சொரசொரப்பாக, 'சீப்ட்ரூக்பிளாட்டெ' என்று ஒரு பலகை விற்கிறது. லாரி, டிரெய்லர் தரைக்கு அதைத்தான் போடுகிறார்கள். பீனால் பிசின் படலம், தண்ணீருக்கு அசையாத பசை, வழுக்காத மேற்பரப்பு. படகுக்கென்றே செய்தது போல இருக்கும். உள்ளே இருப்பது பிர்ச் மரம், நீடிப்பில் கடைசித் தரமான 5. பசை தண்ணீருக்கு அஞ்சாது, மரம் அஞ்சும். ரம்பம் வெட்டிய ஓரத்திலும், திருகாணி துளைத்த ஓட்டையிலும் படலம் கிடையாது. தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். போனது மேலேயும் கீழேயும் படலம் இருப்பதால் வெளியே வராது. எனவே வெட்டிய ஓரம் ஒவ்வொன்றையும் எப்பாக்ஸி பிசினால் இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். திருகாணி இடத்தில் முதலில் பெரிய துளை போட்டு, பிசினால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சின்னத் துளை போட வேண்டும். அலுப்புப் பிடித்த வேலைதான். ஆனால் இதைச் செய்தால் அந்த மலிவுப் பலகை பல வருடம் உழைக்கும். செய்யாவிட்டால் இரண்டாவது வசந்தத்திலேயே ஓரம் கறுக்கும்.

எடை முக்கியமான சிறு படகு என்றால் ஒக்கூமே மரத்தின் கடல்தர ஒட்டுப்பலகை உண்டு. 15 மில்லிமீட்டர் கனத்தில் பத்து சதுர மீட்டருக்கு பிர்ச் ஒட்டுப்பலகை நூறு கிலோவை எட்டும். ஒக்கூமே அறுபத்தைந்து கிலோ வாக்கில் முடிந்துவிடும். விலை கூடுதல். ஓரப் பூச்சு அதற்கும் கட்டாயம்.

மேல்தளத்துக்கு ஒரு பழைய மலிவு வழி இருக்கிறது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஃபோல்கெபோட் போன்ற வடதேசத்துச் சிறு பாய்மரப் படகுகளில் பைன் பலகைத் தளத்தின் மேல் பெயிண்ட் பூசி, ஈரமாக இருக்கும்போதே கான்வாஸ் துணியை விரித்து, மேலே மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள். இன்று துணிக்குப் பதில் கண்ணாடியிழை, பெயிண்டுக்குப் பதில் எப்பாக்ஸி. கடைசிப் பூச்சின்மேல் காய்ந்த குவார்ட்ஸ் மணலைச் சலித்துத் தூவி, அதன்மேல் மறுபடி ஒரு கை பெயிண்ட் அடித்தால் வழுக்காது. தேக்குக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. தேக்கை விரும்பி ஒட்டிய பல கண்ணாடியிழைப் படகுகளில் பலகைகளை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு திருகாணியும் பின்னாளில் மழைநீருக்கு ஒரு குழாய். அதற்குக் கீழே தளத்தின் நடு அடுக்கில் பால்சா மரம் இருந்தால் அதோடு கதை முடிந்தது. மேலே அழகு, உள்ளே கூழ்.

காய்ந்த அறைக்குள் மேல்விரிப்பாக லினோலியம் போடலாம். ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் ஆக்சிஜனேற்றிக் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் கலந்து, சணல் துணியில் அழுத்திச் செய்வது. பிரேமனுக்கு அருகே டெல்மன்ஹோர்ஸ்டில் 1882-இலேயே இதற்கு ஆலை வந்துவிட்டது. கப்பல் அறைகளிலும் நெடுங்காலம் இதுதான் தரை. அடியிலுள்ள சணல் ஊறினால் மட்டும் மக்கிவிடும். ஓரங்களை அடைத்து, ஒட்டுப்பலகை மேல் ஒட்டினால் பிரச்சினை இல்லை. இதே எண்ணெயைப் பலகைக்குப் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அது அடைபட்டு, தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோதான் தூக்கிப் போட வேண்டும்.

வேதியியலால் மரத்தை மாற்றும் வழியும் உண்டு. தண்ணீர் ஒட்டிக்கொள்வது மரச் செல்சுவரில் உள்ள ஹைட்ராக்சில் கொக்கிகளில். அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அந்தக் கொக்கிகளை அடைத்துவிட்டால் சாதாரணப் பைனும் தேக்கின் நீடிப்பை எட்டுகிறது. ஜெர்மனியில் 1928-இலேயே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்த வேலை; வணிக அளவில் 2007 முதல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் நடக்கிறது. அருமையான பலகைதான். ஆனால் சிக்கனக்காரரின் பலகை அல்ல.

வீட்டுக்கு விற்கும் லாமினேட் தரையைப் படகுக்குள் கொண்டுவரவே கூடாது. அழுத்திய மரத்தூசுதான் அதன் உடம்பு. ஒருமுறை நனைந்தால் அழுத்தம் விடுபட்டு உப்பும். காய்ந்தாலும் திரும்ப அடங்காது.

பழைய தரையைப் பெயர்க்கும்முன் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடைசெய்தது 1993-இல். அதற்கு முந்தைய வினைல் ஓடுகளிலும், சில விரிப்புகளின் அடிப்பாகத்திலும் அது இருக்கக்கூடும். உடைக்காமல் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மீதியைத் தொடுங்கள். மரத்திலும் பழைய நஞ்சு உண்டு. மேற்கில் பென்டாகுளோரோபீனால் கலந்த மரக்காப்புத் திரவங்கள் 1989-இல்தான் தடையாயின. கிழக்கில் ஹைலோடாக்ஸ் 59 என்ற பெயரில் டி.டி.டி.யும் லிண்டேனும் கலந்த திரவத்தைத் தாராளமாகப் பூசினார்கள். அந்தக் காலத்துப் பலகையின்மேல் வெண்மையான படிகத் தூள் பூத்திருந்தால் உரசித் தேய்க்காதீர்கள். அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது. பெர்லின் பக்கம் வாங்கும் மரப் படகுகளில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல.

தரையை மறுபடி போடும்போது அடிப்பக்கத்தையும் தலைப்பு முனைகளையும் மேற்பரப்புக்கு முன்னால் பூசுங்கள். தலைப்பு வழியாக மரம் தண்ணீரை உறிஞ்சும் வேகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு. பலகைகளுக்கிடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். படகின் குறுக்குச் சட்டங்களின் அடியில் தண்ணீர் ஓடச் சின்னத் துளைகள் இருக்கும். எல்லா நீரும் அவை வழியே தாழ்ந்த இடத்துக்கு வந்து சேரும், அங்கிருந்து பம்ப் வெளியேற்றும். அந்தத் துளைகள் அழுக்கில் அடைபட்டால் ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னும் ஒரு குட்டை. பழைய படகுகளில் துளைகள் எல்லாவற்றின் ஊடாகவும் ஒரு மெல்லிய சங்கிலி ஓடும். அவ்வப்போது இழுத்து ஆட்டினால் அடைப்பு நீங்கும். சில யூரோ சங்கிலி, பல நூறு யூரோ பலகையைக் காப்பாற்றுகிறது.

கடைசியாக, இன்னும் படகு வாங்காதவர்களுக்கு. பார்க்கப் போகும்போது டார்ச்சும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துப் போங்கள். தரைப்பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் உள்ள சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் மேலே உள்ள தரை எவ்வளவு கெட்டிருந்தாலும் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். தூக்கவே முடியாதபடி தரையை ஒட்டி அடைத்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் படகை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.